இடம் எங்கே என்று கேட்கிறார்கள்

வணக்கம். சிங்கப்பூர் நகர மையச் சாலைகளை நடப்பவர்களுக்கு வசதியாக மாற்றுவோம் என்றால் யாரும் மறுப்பதில்லை. இடம் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். கார் ஓடும் தடத்திலிருந்து எடுக்க வேண்டும், வேறு வழியில்லை என்பதே என் பதில்.

நடக்காது என்பவர்கள் பெங்கூலன் ஸ்திரீட்டைப் போய்ப் பாருங்கள். ரயில் பாதைக்காகத் தோண்டிய அந்தச் சாலையை 2017-இல் சீரமைத்தபோது, நான்கு தடங்களில் இரண்டைக் கார்களுக்குத் திருப்பித் தரவில்லை. அகலமான நடைபாதையும் சைக்கிள் பாதையும் வந்துவிட்டன. பக்கத்திலேயே, கோவில்களுக்கு முன்னால் கார் ஓடாத வாட்டர்லூ ஸ்திரீட். குவான் இம் கோவிலுக்கு வந்த சீனர்கள் அப்படியே நடந்து வந்து கிருஷ்ணன் கோவில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நடுவில் கார் ஓடினால் இது இவ்வளவு இயல்பாக நடக்குமா?

இனி லிட்டில் இந்தியாவில் இருக்கும் நம் தேக்காவுக்கு வருவோம். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைவழி வேண்டும் என்று 1822-லேயே, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் விதித்தார். ஐந்தடி என்று நாம் சொல்லும் அந்த நடைவழியில் இன்று காய்கறிப் பெட்டிகள் நிற்கின்றன; ஞாயிறு மாலை தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கிறோம். கடைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் இடம் போதவில்லை. ஐந்தடிக்கு வெளியே இன்னும் சில அடி கிடைத்தால் இரு தரப்பும் மூச்சுவிடலாம். சரி, சரக்கு லாரி எங்கே நிற்கும்? விடியற்காலையில் அதற்கென்று நேரம் ஒதுக்கலாம்.

அப்புறம், சாலையைக் கடக்கும் நேரம். சிக்னல் கம்பத்தில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். 2009-இல் வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கையில் தள்ளுவண்டியும் மறு கையில் குடையுமாக, மீன் பைக்கு அடியில் அட்டையைத் துழாவும் பாட்டியைப் பாருங்கள். கடக்க வேண்டிய தூரம் குறைந்தால் அவருக்கு அந்த அவசரமே இல்லை. 2014 முதல் மூத்தோர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் வந்த சில்வர் ஸோன்களில் இதைத்தான் செய்தார்கள்: சாலையைக் குறுக்கி, வளைத்து, நடுவில் நின்று இளைப்பாறத் திட்டும் வைத்தார்கள். வேகப் பலகையைக் கவனிக்காத ஓட்டுநரும் வளைவில் பிரேக்கை மிதிக்கத்தான் வேண்டும்.

அங் மோ கியோ, தோ பாயோ, தெம்பனிஸ் உட்பட ஐந்து இடங்களில் தொடங்கிய, சாலைகளை நடப்பவர்களுக்கு வசதியாக மாற்றும் ஃப்ரெண்ட்லி ஸ்ட்ரீட்ஸ் திட்டத்தை 2030-க்குள் எல்லா வட்டாரங்களுக்கும் கொண்டுவருவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் சொல்லியிருக்கிறது. உங்களிடம் கருத்துக் கேட்டால், நடைபாதை வேண்டும் என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தச் சந்திப்பில், எத்தனை மணிக்கு, யார் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். எந்தத் தடத்தை எடுக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.