பி.எச். 7.08: பைகார்பனேட்டை எடுக்கும் முன்

அனைவருக்கும் வணக்கம். விபத்தில் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்கு வருகிறார். ஏபிஜி, அதாவது தமனி ரத்த வாயுப் பரிசோதனை, கையில் இருக்கிறது: பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.08, கார்பன் டை ஆக்சைடு 27, லாக்டேட் (ஆக்சிஜன் எட்டாத திசுக்களில் சேர்வது) 11, பேஸ் டெஃபிசிட் (காரப் பற்றாக்குறை) 20. இதைப் பார்த்ததும் பலருடைய கை, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் ஆம்பூலைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். திசுக்களுக்கு ரத்தம் எட்டாததால் சேர்ந்த அமிலம் இது. ரத்தப்போக்கு நிற்காதவரை புதிது புதிதாக ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த 27-ஐக் கவனியுங்கள். வேகவேகமாக மூச்சு வாங்கித்தான் அவர் தாக்குப்பிடிக்கிறார். தசைகளைத் தளர்த்தும் ரிலாக்ஸன்ட் கொடுத்ததும் அந்த மூச்சு நின்றுவிடும். ட்யூப் போட்டபின் வழக்கம்போல நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வென்டிலேட்டரை வைத்தால் கார்பன் டை ஆக்சைடு 40-ஐத் தொடும். மற்றவருக்கு அது நார்மல், இவருக்கோ பி.எச். 7-க்குக் கீழே போய் இதயமே நின்றுவிடலாம். தொடக்கத்திலேயே 24 முதல் 28 வரை வையுங்கள். வெளிமூச்சு முழுதாக முடிகிறதா என்று வரைகோட்டில் பாருங்கள்; முடியாவிட்டால் நெஞ்சில் காற்று தேங்கி பிரஷர் இறங்கும். எண்ட் டைடல் அளவை, அதாவது வெளிமூச்சின் முடிவில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடை, நம்பாதீர்கள்: ரத்த ஓட்டம் குறைந்தவரிடம் அது 25 காட்டும்போது ஏபிஜியில் 45 இருக்கலாம். மருந்தைப் பொறுத்தவரை, மயக்கம் தரும் கெட்டமைன் பாதி அளவு, ரிலாக்ஸன்ட்டான ரோக்குரோனியம் முழு அளவு. சர்ஜன் கையுறை போட்டு, துணி விரித்து, கத்தியோடு தயாரான பிறகுதான் மயக்க மருந்து.

அடுத்தது திரவம். நார்மல் சலைனில் குளோரைடு 154. பிளாஸ்மாவில் சுமார் 100தான். லிட்டர் லிட்டராக ஏற்றினால் நாமே இன்னொரு அசிடோசிஸை (ரத்தத்தில் அமிலம் மிகுவதை) உண்டாக்குகிறோம். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் சம விகிதத்தில், சூடாக்கிக் கொடுங்கள். காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில். ரத்தப் பையிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அயனி கால்சியம் 1.1-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். கால்சியம் குளோரைடு கிடைக்காமல் கால்சியம் குளுக்கோனேட் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு தேவைப்படும். பலர் மறப்பது இதைத்தான்.

பைகார்பனேட்டுக்கு இடமே இல்லையா? உண்டு. பி.எச். 7.1-க்குக் கீழே, ரத்தக்குழாயைச் சுருக்கும் நாரட்ரினலின் ஏற்றியும் பிரஷர் எழவில்லை. அல்லது பொட்டாசியம் ஏறுகிறது. அப்போது 8.4 சதவீதம் 50 முதல் 100 மி.லி., மெதுவாக. அது கார்பன் டை ஆக்சைடாக மாறும் என்பதால் வென்டிலேஷனையும் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் செல்லுக்குள் அமிலம் இன்னும் ஏறும். அயனி கால்சியமும் குறையும். கால்சியம் போகும் அதே லைனில் கொடுத்தால் சுண்ணாம்பாகப் படிந்து லைன் அடைத்துக்கொள்ளும்.

சர்ஜனிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ரத்தத்தை நிறுத்து, குடல் கசிவை மூடு, துணி பேக் வைத்து அடைத்துவிட்டு வெளியே வா. குடலை இணைப்பதெல்லாம் 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ரத்தத்தை நிறுத்தப் பெருந்தமனியில் கிளாம்ப் போட்டிருந்தால், அதை எடுக்கும் முன் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ஒரே மூச்சில் இதயத்துக்கு வந்து சேரும்.

அரை மணிக்கு ஒருமுறை ஏபிஜி எடுங்கள். பி.எச். ஏறுகிறது, லாக்டேட் இறங்கவில்லை என்றால் பைகார்பனேட் எண்ணை மட்டும்தான் திருத்தியிருக்கிறது. அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே லாக்டேட்டை ஏற்றலாம். அது இல்லையென்றால் தேடவேண்டியவை மூன்று: நிற்காத ரத்தப்போக்கு, செத்த குடல், உள்ளழுத்தம் ஏறி இறுகிப்போன வயிறு.