தகடூரில் ஒரு படுகளம்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில் போய்வருகிறவர்களுக்குத் தருமபுரி என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற இடம். வெளியூர்க்காரர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. எங்கள் ஊர்க்காரர்களே அப்படித்தான். காசிக்கு டிக்கெட் போடுவார்கள், ராமேஸ்வரத்துக்கு வேன் பிடிப்பார்கள். உள்ளூரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இங்க என்ன சார் இருக்கு, புளியும் மாங்காயும்தான்" என்பார்கள். புளியும் மாங்காயும் நல்ல சரக்குதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது பழைய நகரம். தகடூர் என்பது இதன் சங்க காலப் பெயர்.

தகடூர் என்றதும் அதியமான், ஔவை, நெல்லிக்கனி. அந்தக் கதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் தாண்டிப் போய்விடுகிறேன். எனக்கு எப்போதும் உறுத்துவது வேறொன்று. சேர மன்னன் ஒருவனைப் பழைய நூல்கள் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்று முழுப்பெயர் சொல்லி அழைக்கின்றன. எறிந்த என்றால் அழித்த என்று பொருள். நம் ஊர் விழுந்தது அவனுக்குப் பட்டப்பெயர்! பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து முழுக்க அரிசில் கிழார் அவனைத்தான் பாடுகிறார். முரசு வைக்கிற கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாரை வெட்டாமல், விசிறி எடுத்து வீசிக்கொண்டு நின்ற மன்னன் என்று படித்திருப்பீர்களே, அவனும் இவனேதான். அந்தப் பாட்டை நடத்தும்போது எங்கள் தமிழ் வாத்தியார் உருகிப்போவார். நம்ம ஊரை இடித்தவன் இவன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பல வருஷம் கழித்து நானாகத் தெரிந்துகொண்டபோது, ஏதோ சொந்தக்காரர் வீட்டு விஷயம் மறைக்கப்பட்டது போலக் கோபம் வந்தது.

அந்தப் போரைப் பற்றித் தனியாக ஒரு நூலே இருந்தது. பெயர் தகடூர் யாத்திரை. இங்கே யாத்திரை என்றால் கோயில் யாத்திரை இல்லை, படை திரண்டு கிளம்புவது. அந்த நூல் முழுசாக நம் கைக்கு வந்து சேரவில்லை. புறத்திரட்டு என்கிற தொகுப்பில் எடுத்துச் சேர்த்த பாடல்களும், உரைகாரர்கள் மேற்கோள் காட்டியவையும்தான் மிச்சம். மதுரை எரிந்த கதை வரி பிசகாமல் நம்மிடம் இருக்கிறது. தகடூர் விழுந்த கதை தொலைந்துபோயிற்று. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அதியமானுக்குப் பாட்டு மட்டும் சாட்சி என்றால் கவிஞர் கற்பனை என்று யாராவது சொல்லலாம். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில் ஒரு பாறைக் குகையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு வரி கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' பாளி என்பது துறவிகள் தங்குகிற குகை. அதை அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தான். முன்னால் இருக்கும் 'ஸதியபுதோ'தான் பெரிய விஷயம். அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து சதியபுத்திரர் என்று ஒரு பெயர் வரும். அது யார் என்று அறிஞர்கள் ரொம்ப காலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒற்றை வரி, அவர்கள் அதியமான்கள்தான் என்று காட்டிக்கொடுத்தது.

புறநானூற்று 99ஆம் பாட்டில் ஔவை இந்தக் குடியின் முன்னோர்களைப் பற்றிச் சொல்லும்போது மூன்று வேலைகளைச் சொல்கிறார். தேவர்களைப் பேணினார்கள், வேள்வித் தீயில் ஆவுதி, அதாவது படையல், கொடுத்தார்கள், அப்புறம் 'அரும்பெறல் மரபின் கரும்பிவண் தந்தும்' என்கிறார். எங்கிருந்தோ கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்களாம். சாமி கும்பிட்டதும் கரும்பு நட்டதும் ஒரே மூச்சில் வருகிறது பாருங்கள். பாலக்கோட்டிலும் அரூர்ப் பக்கமும் சர்க்கரை ஆலைகளே வந்தன. பொங்கலுக்கு முந்தின நாள் சந்தையில் கரும்புக் கட்டுக்கு விலை பேசும்போது, எனக்கு அந்த வரி ஞாபகம் வந்து, பேரம் தோற்றுவிடுவேன்.

சங்க காலத்தை விட்டுக் கொஞ்சம் இறங்கி வருவோம். 9ஆம் நூற்றாண்டில் தகடூர் நொளம்பர் கையில் இருந்தது. கன்னட தேசத்து அரசர்கள், தங்களைப் பல்லவ வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். மகேந்திர நொளம்பன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, வணிகக் குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் இந்த ஊரில் சமணர்களுக்குப் பசதி எழுப்பியதைச் சொல்கிறது. பசதி என்றால் சமணக் கோயில். தமிழ் அரசன் துறவிகளுக்குக் குகை கொடுத்த குடியின் ஊரில், கன்னட அரசன் காலத்தில் வியாபாரிகள் சமணக் கோயில் கட்டுகிறார்கள். இந்த ஊரில் எதுவும் ஒற்றை மொழியிலோ ஒற்றை மதத்திலோ நின்றதில்லை. கோட்டைக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி மல்லிகார்ஜுனேஸ்வரர், ஸ்ரீசைலத்துப் பெயர். அம்மன் காமாட்சி, காஞ்சிபுரத்துப் பெயர். பக்கத்திலேயே பரவாசுதேவப் பெருமாள்.

கோட்டைக் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நேராகத் தொங்கும் தூணைத் தேடிப் போவார்கள். மண்டபத்துத் தூண்களில் சிலது அடியில் தரையைத் தொடாமல் நிற்கும். ஒரு துண்டையோ காகிதத்தையோ இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்துப் பார்ப்பார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் காமாட்சி அம்மன் சன்னதியைச் சுற்றி, அடித்தளக் கல்லில், ராமாயணம் செதுக்கியிருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்னச் சின்னச் சிற்பங்கள். பிராகாரம் சுற்றுகிறவர்கள் நிமிர்ந்தே நடப்பதால் முழங்காலுக்குக் கீழே ஒரு காவியம் ஓடுவதைக் கவனிப்பதில்லை.

சின்ன வயதில் என் ஆயா, அதாவது பாட்டி, எனக்கு அதைக் காட்டினார். படிக்கத் தெரியாதவர். கல்லில் விரலை வைத்துக்கொண்டு, "இது வில்லு, இவன் ராமன். இது வாலு, இது யாருன்னு நீ சொல்லு" என்பார். வால் இருப்பவர்கள் நிறைய, நான் எல்லாரையும் அனுமார் என்பேன். ஆயா கூட்டத்தில் யார் அனுமார் என்று தனியாகக் கண்டுபிடிக்கச் சொல்வார். எண்ணெய்ப் பிசுக்கேறி, எத்தனையோ விரல் பட்டு, சில முகங்கள் மழுங்கிப்போயிருக்கும். போன வாரம் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயா வைத்த இடத்தில் விரலை வைத்தேன், இன்னும் எந்த வால் அனுமாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஊரிலிருந்து சேலம் ரோட்டில் போனால் அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் காலபைரவர் கோயிலுக்குத்தான். தேய்பிறை அஷ்டமி அன்று போய்ப் பாருங்கள், வாசலில் நிற்கிற வண்டிகளில் கர்நாடகா நம்பர்தான் கண்ணில் அதிகம் படும். சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து, குங்குமம் தடவி, எண்ணெய் விட்டு, திரி போட்டு ஏற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கான பூசணி விளக்கு வரிசையாக எரியும்போது ஒரு வாசனை வரும், கொஞ்சம் சமையல்கட்டு வாசனை, கொஞ்சம் மயானத்து வாசனை. பைரவருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதியமான் போருக்குப் போகும் முன் இந்தப் பைரவர் காலடியில் வாளை வைத்து எடுப்பான் என்று ஊரில் சொல்வார்கள். கோயில் கதையைக் கதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தீர்த்தமலைக்கு அரூர் வழியாகப் போக வேண்டும். முதலில் தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தத்தில் முழுக்கு, அப்புறம்தான் மலை. மேலே ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று ஐந்து தீர்த்தங்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். சுற்றிலும் காய்ந்த கரடு, சித்திரை வெயிலில் பாறை காலைச் சுடும். அந்தப் பாறையிலிருந்துதான் ராமர் தீர்த்தம் விழுகிறது. கோடையில் மெலிந்து போனாலும் நிற்பதில்லை. கீழே நிற்பவர்கள் தலையை அண்ணாந்து காத்திருப்பார்கள். காற்றடித்தால் தண்ணீர் தள்ளிப்போய்ப் பக்கத்து ஆள் மேல் விழும். மாசி மாதத் திருவிழா அங்கே விசேஷம்.

ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்தான் போவார்கள். அந்த நெரிசலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெயரே கன்னடம், புகைகிற கல் என்று அர்த்தம்.

குமாரசாமிப்பேட்டை தேரைப் பற்றிச் சொல்லாமல் போனால் டவுன்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தைப்பூசத் திருவிழாவில் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கிற தேரோட்டம் உண்டு. ஸ்கூல் யூனிபார்மோடு வந்த பெண்ணும், இடுப்பில் முந்தானையைச் செருகிய பாட்டியும் ஒரே வடத்தில் இருப்பார்கள். ஆண்கள் ஓரமாக நின்று யோசனை சொல்லிக்கொண்டிருப்போம். யாரும் காதில் வாங்கமாட்டார்கள். தேர் அதுபாட்டுக்கு நகரும்.

இப்போது பாரதத்துக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற இடத்தில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இராத்திரி தெருக்கூத்து, பதினெட்டு நாள் கணக்கு. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தை நட்டு, வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருந்து மடியில் பிடிப்பார்கள்.

கடைசி நாள் படுகளம், போரில் விழுந்தவர்கள் கிடக்கிற களம். ஊருக்கு வெளியே மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள், ஆள் உயரம் எல்லாம் இல்லை, ஒரு வீட்டு நீளம். மார்பில் வர்ணம், முறுக்கின மீசை, தலைமாட்டில் கிரீடம். ராத்திரி முழுக்க ஆடிக் களைத்த பீமனும் துரியோதனனும் விடிந்த பிறகு அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். வேர்வையில் அரிதாரம் கலைந்து, நிஜ முகம் பாதி தெரியும். தொடையில் அடி விழும். அந்தச் சிவப்பை எடுத்துத் திரௌபதி கூந்தலில் பூசி முடிவாள். அதுவரைக்கும் கூட்டம் திரௌபதி பக்கம்.

அப்புறம் காந்தாரி வருவாள். ஒப்பாரி வைப்பாள். கையில் முறமோ துடைப்பமோ இருக்கும். செத்த மகனை அடித்துக்கொண்டே அழுவாள். அவ்வளவு நேரம் "கொல்லு, கொல்லு" என்று கத்திய பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அழுவார்கள். என் ஆயா அழுததைப் பார்த்து ஒருமுறை கேட்டேன், "அவன் கெட்டவன்தானே ஆயா?" "கெட்டவன்தான். அதுக்காக? ஒரு ஊரே போச்சே" என்றார்.

எந்த ஊர் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. தன் சொந்தப் போரின் பாட்டைத் தொலைத்துவிட்ட ஊர் இது. அந்த ஊரின் சனங்கள், எங்கோ குருக்ஷேத்திரத்தில் நடந்த போரை வருஷா வருஷம் பதினெட்டு நாள் தூக்கம் கெட்டு ஆடி, தோற்றவனுக்காக அழுகிறார்கள். தகடூருக்காக அழ வேண்டிய அழுகை வழி மாறி இங்கே வந்து சேர்ந்துவிட்டதோ என்று நினைப்பேன். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். இது ஆராய்ச்சி இல்லை, படுகளத்து ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு வந்த நினைப்பு. பாரதக் கூத்து இங்கே மட்டும் இல்லை, வட தமிழ்நாடு முழுக்க உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் தீமிதி. அதற்குள் துரியோதனனைச் சுற்றிக் கூட்டம் குனிந்திருக்கும். ஆளுக்கொரு பிடி மண் எடுத்துக்கொள்வார்கள், வயலில் தூவ, மாட்டுக்கொட்டகையில் வைக்க. எங்கள் வீட்டில் அது பழைய பவுடர் டப்பாவில் சாமி மாடத்தில் இருந்தது. ஆயா போன பிறகு மாடத்தைச் சுத்தம் செய்தபோது திறந்து பார்த்தேன். பல வருஷத்து மண் ஒன்றாகக் கலந்து, மேலே கொஞ்சம் மீசைக்குப் பூசிய கறுப்பு ஒட்டியிருந்தது. மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வணக்கம்.