மிக்ஸியில் அடித்த மொலியேரும் எங்கள் பெரியப்பாவின் குதிரையும்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் புதுச்சேரி மக்களுக்கும் வணக்கம்.

லோரான் திரார் இயக்கி 2007-ல் வந்த 'மொலியேர்' என்கிற பிரெஞ்சு நகைச்சுவைப் படம், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியரும் நடிகருமான மொலியேருக்குச் செய்த மரியாதையா, அவமரியாதையா? இதுதான் தலைப்பு. மரியாதை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா ஒரு வரி சொன்னார். மண்டபமே குலுங்கியது. "நாலு நாடகத்தை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, கிளாஸில் ஊற்றி, மொலியேர் என்று பேர் வைத்து நீட்டிவிட்டார்கள்" என்றார். நானும்தான் சிரித்தேன். ஆனால் ஐயா, அந்த மிக்ஸியை நான் அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1645-ல் மொலியேருக்கு வயது 23. நாடகக் குழு நொடித்துப் போய், கடனுக்காகச் சிறையில் கிடக்கிறார். இதுவரை வரலாறு. மேடைக்கு மெழுகுவத்தி கொடுத்தவரே பணம் கேட்டு உள்ளே தள்ளியிருக்கிறார். இனிமேல் படம். ழூர்தேன் என்கிற பணக்காரர் அவர் கடனை அடைத்து வெளியே கொண்டுவருகிறார். எதற்கு? ஒரு பிரபு வீட்டுச் சீமாட்டியை மயக்க அவருக்கு நடிப்பு தெரிய வேண்டும். வீட்டில் மனைவி எல்மீர் இருக்கிறாளே! அதனால் மொலியேருக்குப் பாதிரியார் வேஷம் போட்டு, தர்த்யூஃப் என்று பேர் வைத்து வீட்டுக்குள் கூட்டிப் போகிறார். பாதிரியார் அந்த எல்மீரையே காதலிக்கிறார்.

இப்போது பேராசிரியர் ஐயாவின் குற்றச்சாட்டு. ழூர்தேன் 1670-ல் எழுதிய நாடகத்தின் ஆள். தர்த்யூஃபும் எல்மீரும் 1664-ல் மேடையேறித் தடை செய்யப்பட்ட நாடகத்தின் ஆட்கள். செலிமேன் என்கிற அந்தச் சீமாட்டி இன்னொரு நாடகத்திலிருந்து வந்தவள். எல்லாம் கலவை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த மிக்ஸியை முதலில் வாங்கி வைத்தவர் யார் ஐயா? மொலியேரே அல்லவா!

அவருடைய 'கஞ்சன்' எங்கிருந்து வந்தது? பழைய ரோம் நாட்டு நாடகாசிரியர் ப்ளாட்டஸிடமிருந்து. ஸ்காபேன் என்கிற தந்திரக்கார வேலைக்காரன்? அதே ரோமின் இன்னொரு நாடகாசிரியர் டெரன்ஸிடமிருந்து. பெண்களை மயக்கி ஏமாற்றும் தோன் ழுவான்? ஸ்பெயினிலிருந்து. ஸ்காபேன் நாடகத்தில் 'அந்தக் கப்பலில் அவனுக்கு என்ன வேலை?' என்று கிழவன் புலம்பிக்கொண்டே இருக்கும் காட்சி, தன் காலத்து எழுத்தாளரான சிரானோ தெ பெர்ஜெராக்கின் நாடகத்திலிருந்து எடுத்தது. பாரீஸுக்குத் திரும்பியதும் ஓர் இத்தாலியக் குழுவோடு ஒரே அரங்கைப் பங்கு போட்டு நடித்தார். அவர்கள் உடம்பை வளைத்துச் சிரிக்க வைத்த வித்தையும் இவர் கைக்கு வந்தது. இத்தனையையும் அரைத்தவரைப் பற்றி ஒரு படம் எடுத்தால், அரைத்துத்தானே எடுக்க வேண்டும்?

எங்கள் பெரியம்மா கோடையில் வடகம் போடுவார். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைப்பார். சாயங்காலம் எடுத்து மறுபடி பிசைவார், மறுபடி உருட்டுவார். ஒரு வாரம் அவர் கையிலிருந்து அந்த வாசம் போகாது. இதே வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வடுவான்' என்று சொல்லித் தங்கள் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். அதில் எது வெங்காயம், எது வெந்தயம் என்று பிரித்தெடுத்துக் குற்றம் சொல்வீர்களா? குழம்பில் தாளித்தால் வீடு மணக்கிறதா என்று பார்ப்பீர்களா?

கலப்பது குற்றமில்லை ஐயா. கை யாருடையது, பக்குவம் என்ன என்பதுதான் கேள்வி.

இந்தப் படத்தைப் பற்றி வேறு சில கருத்துகளும் உண்டு. ஷேக்ஸ்பியரின் காதலைச் சொல்லி 1998-ல் வந்த ஆங்கிலப் படத்தின் சாயல் என்கிறார்கள் சிலர். சாயல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் நீளம் என்கிறார்கள். எதிரணித் தலைவரே 1978-ல் அரியான் முஷ்கின் எடுத்த படத்தைத்தான் உண்மையான மொலியேர் என்று கொண்டாடினார். அது நாலு மணி நேரம்! ழூர்தேனாக வரும் ஃபப்ரீஸ் லுக்கினி கதாநாயகன் ரொமேன் துரிஸைச் சாப்பிட்டுவிட்டார் என்று ஒரு புகார். அது நியாயம். லுக்கினி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஏமாறுகிற மனிதரின் முகத்தில் அவ்வளவு கௌரவம்!

நடந்ததை மாற்றலாமா என்று கேட்டீர்கள். மொலியேர் கைப்பட எழுதிய ஒரு நாடகப் பிரதிகூட இன்று உலகத்தில் இல்லை. ஒரு கடிதம் இல்லை. சிறையை விட்டு வந்து, ஊர் ஊராகச் சுற்றி, 1658-ல் பதினான்காம் லூயி முன்னால் நடிக்கும்வரை அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்? அங்கே வெற்றிடம்தான் இருக்கிறது. அந்த வெற்றிடத்தை அவருடைய பாத்திரங்களை வைத்தே நிரப்பியிருக்கிறார்கள். வெளியாளைக் கூப்பிடவில்லை.

இப்போது எங்கள் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பிரெஞ்சு பென்ஷன் வாங்கி, தினமும் காலையில் பிரெஞ்சுப் பேப்பர் படிப்பவர். சிரிக்கவே மாட்டார். ஷூவுக்குப் பாலிஷ் போடும்போதுகூட அணிவகுப்பில் நிற்பது போல நிற்பார். படம் வந்து இரண்டு வருஷம் கழித்து டிவிடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். "மொலியேரா? போடு" என்றார்.

படத்தில் ஒரு காட்சி. நடிப்புப் பாடம் நடக்கிறது. குதிரையாக மாறிக் காட்டுங்கள் என்கிறார் மொலியேர். ழூர்தேன் பாவம், ஏதோ செய்கிறார். அது குதிரையே இல்லை. அப்புறம் மொலியேர் செய்து காட்டுகிறார். மனிதன் மறைந்து குதிரை நிற்கிறது!

பெரியப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வலது காலால் தரையை இரண்டு தடவை கீறினார். தலையைச் சிலுப்பினார். ஒரு கனைப்புக் கனைத்தார் பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது! சமையலறையிலிருந்து பெரியம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" பெரியப்பா பதில் சொல்லவில்லை. இன்னொரு கனைப்பு. பெரியம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது வருஷம் அணிவகுப்பில் நின்ற மனிதர் ஐயா அவர்!

அதோடு முடிந்ததா? தீபாவளிக்கு வந்த சம்பந்தி முன்னால் குதிரை. பேத்தி காதுகுத்துக்குக் குதிரை. பேத்தி சாப்பிட மறுத்தால் வேட்டியை மடித்துக் கட்டுவார், கால் கீறும் சத்தம் கேட்டதுமே அவள் வாயைத் திறப்பாள். மின்சாரக் கணக்கு எடுக்க வந்த தம்பிகூடப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா, "இந்த வயசுல குதிரை ஒண்ணுதான் குறைச்சல்" என்பார். ஒவ்வொரு தடவையும் முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

பேராசிரியர் ஐயா, பிரெஞ்சு மொழிக்கே 'மொலியேரின் மொழி' என்று ஒரு பெயர் உண்டு, நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த மொழியை ஆயுள் முழுக்கப் பேசிய மனிதருக்குள் மொலியேரை அந்தப் படம் அன்றைக்குத்தான் இறக்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1673 பிப்ரவரி 4-ம் தேதி பெலாஞ்சே என்கிற பிரெஞ்சு அதிகாரி நம் புதுச்சேரியில் வந்து தங்கினார். பிரெஞ்சு ஆட்சிக்கு இங்கே கால்கோள் அதுதான். அதே பிப்ரவரி 17-ம் தேதி பாரீஸில் மொலியேர் மேடையில் நிற்கிறார். தனக்கு நோய் என்று கற்பனை செய்துகொள்ளும் மனிதனின் வேஷம். நான்காவது ஆட்டம். உண்மையில் நெஞ்சு முழுக்க நோய். இன்றைக்கு நடிக்க வேண்டாம் என்று தடுத்தார்களாம். தினக்கூலியை நம்பி ஐம்பது பேர் இருக்கிறார்களே என்றாராம். கடைசிக் காட்சியில் உடம்பு வெட்டி இழுத்தது. அதை ஒரு சிரிப்பால் மூடினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வீட்டில் உயிர் போனது. நடிகன் என்பதால் முறையான அடக்கம் கிடையாது என்றது திருச்சபை. மனைவி அர்மாந்த் அரசனிடம் போய் அழுத பிறகு, இரவில் அடக்கம் செய்ய மட்டும் அனுமதி கிடைத்தது.

படத்தின் கடைசியில் எல்மீர் சாகக் கிடக்கிறாள். பதின்மூன்று வருஷம் கழித்து மொலியேரைக் கூப்பிட்டு அனுப்புகிறாள். துயரத்தைச் சொல்கிற நகைச்சுவையை எழுதுங்கள் என்கிறாள். அப்படி ஒன்று இல்லையே என்கிறார் இவர். இல்லாவிட்டால் நீங்கள் உண்டாக்குங்கள் என்கிறாள். எல்மீர் கற்பனை. அந்த வேண்டுகோள் கற்பனை. ஆனால் அந்த பிப்ரவரி ராத்திரி அவர் மேடையில் செய்தது அதைத்தானே ஐயா? இதை அவமரியாதை என்று எப்படிச் சொல்ல மனசு வந்தது?

பெரியம்மா போய்விட்டார். மூன்று மாதம் படுக்கை. அதற்குப் பிறகு பெரியப்பா குதிரையாக மாறவில்லை. பேத்தி கேட்டாள், "அப்புறம்" என்றார். மொட்டை மாடியில் யாரும் துணி விரிக்கவில்லை. வருஷம் திரும்பியது. திதி கொடுத்து முடித்து, சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, "அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டார்.

போட்டேன். குதிரைக் காட்சி வந்தது. அசையவில்லை. எல்மீர் படுக்கையில் கிடக்கும் காட்சி வந்தது. எழுந்தார். "மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கு, நிறுத்திட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போனார். மோட்டார் ஓடவில்லை. எனக்குத் தெரியும். படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார், துடைக்காமல்.

"குதிரை வர்ற இடத்தைத் திருப்பிப் போடு" என்றார்.

போட்டேன். பெரியப்பா உட்காரவில்லை. நின்றபடி பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வணக்கம்.