43 வயதில சூழல் பொறியியல்: சம்மாந்துறைக் கேள்விக்கு விளக்கம்

சம்மாந்துறையிலிருந்து ஒரு கேள்வி. நெல் ஆலையில கணக்கு எழுதுற சகோதரர், வயது 43, உயர்தரம் வர்த்தகப் பிரிவு. "சூழல் பொறியியல் படிக்க ஆசை, கணிதம் மறந்து போச்சு, எங்க சேரலாம்?" எண்டு கேட்டிருக்கார். வாசிச்சதிலிருந்து இந்தக் கேள்வி மனசில நிண்டுகொண்டே இருக்கு. மெத்தச் சந்தோசம்.

வழியை முதல்ல சொல்லிடுறன். ஒலுவில்ல, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில பொறியியல் பீடம் இருக்குதான். அதுக்கு உயர்தரத்தில கணிதப் பிரிவும் இசட் புள்ளியும் வேணும். மொறட்டுவையில சூழல் பொறியியலுக்கு முதுமாணி இருக்கு, ஆனா பொறியியலோ அதுக்குக் கிட்டின பட்டமோ முதல்ல கையில இருக்கோணும். உங்களுக்குப் பொருந்துறது திறந்த பல்கலைக்கழகம், மட்டக்களப்பிலயும் நிலையம் இருக்கு. கணிதத்தையும் பௌதிகத்தையும் அடியிலிருந்து பிடிச்சு வரோணும். காசு கட்ட முந்தி ஆய்வுகூட வகுப்பு எங்க, எத்தனை நாள் எண்டு கேட்டு, உங்கட லீவை எண்ணிப் பாருங்க. வேலையை இப்ப விட்டுடாதீங்க.

சரி, நீங்க கேட்டிருக்கலாம் எண்டு நான் நினைக்கிற கேள்வி வேற. நெல் அவிக்க முந்தி ஊறப் போடுற தண்ணி, அந்தப் புளிச்ச மணம் அடிக்குமே, அது எங்க போகுது?

பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், நான் விடாமச் சொல்றது: வந்தது, போனது, தங்கினது. ஆரம்ப மீதி, வரவு, செலவு, இறுதி மீதி எண்டு நீங்க தினமும் எழுதுற அதே கணக்குத்தான் தண்ணியில இருக்கிற அழுக்குக்கும்.

ஒரு உதாரணத்துக்கு, ஊறல் தொட்டி நீளம் 2.5 மீற்றர், அகலம் 2, தண்ணி ஆழம் 2. அப்ப 10 கன மீற்றர். பீஓடி, அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர் எடுக்கிற ஒட்சிசன், லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் எண்டு வைங்க. லீற்றருக்கு மில்லிகிராமும் கன மீற்றருக்குக் கிராமும் ஒண்டுதான். ஆகவே தொட்டியை நாளைக்கு ஒருக்காத் திறந்தா, நாளைக்கு 10 கிலோ. ஆத்துக்கு, குளத்துக்கு விடுறதெண்டால் 2008 வர்த்தமானிப்படி எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம். அப்ப 300 கிராம்தான் போகலாம். மிச்சம் 9.7 கிலோவைத் தின்ன வைக்கோணும். காத்துப் படாத தொட்டி 70 வீதம் எடுத்தா லீற்றருக்கு 300 மில்லிகிராமுக்கு வரும், அதுக்குப் பிறகு காத்தூட்டுற தொட்டி 90 வீதம் எடுக்கோணும்.

இதிலதான் பிழை விடுறது. கிணத்துத் தண்ணி கலந்து 100 கன மீற்றர் ஆக்கினா லீற்றருக்கு 100தான் காட்டும். ஆனா பெருக்கிப் பாருங்க, அதே 10 கிலோ! வாய்க்கால் மீனுக்கு ஒரு கிராமும் குறையல்ல. பதிவேட்டில தாளைக் கூட்டினா கடன் குறையுமா?

இன்னொண்டு. ஊறல் தண்ணியை ஒரே மூச்சில திறந்து விடுவாங்க. தரை கழுவுற நேரம் போய்ப் போத்தலில மாதிரி பிடிச்சா எண் நல்லாத்தான் வரும். தொட்டி திறக்கிற நேரம் பிடிச்சு, ஐஸில வைச்சு, அண்டைக்கே ஆய்வுகூடத்துக்குக் குடுங்க.

ஒரு கிழமைக்குத் தொட்டி அளவு, திறந்த நேரம், திறந்த தடவை மூண்டையும் எழுதி அனுப்புங்க. அதை வைச்சே உங்களுக்குத் தேவையான கணிதத்தை அடுத்த வீடியோவில தொடங்குவம்.