கும்பகோணத்தை விடச் சின்ன புரோகிராம்! அசெம்ப்ளியில் கோலம் போடலாம் வாங்க

(கறுப்புத் திரை. நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.)

திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? தூசி என்று நினைத்துத் துடைக்காதீர்கள். திரையை கிராஃபிக்ஸுக்கு மாற்றி, அந்தப் புள்ளியை வைத்து, நீங்கள் ஏதாவது ஒரு கீயைத் தட்டும்வரை காத்திருந்து, பழைய திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறதே ஒரு புரோகிராம், அது மொத்தமே 26 பைட்.

இப்போது கும்பகோணம் என்று தமிழில் அடித்து யுடிஎஃப்-8 இல் (எழுத்துகளை பைட்டாக மாற்றும் முறை) சேமித்துப் பாருங்கள். எழுத்துகள் மட்டும் 30 பைட்! ஊர்ப் பெயரே புரோகிராமை விடப் பெரியது. தஞ்சாவூர்க்காரர்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், உங்களுக்கு 27. மாயவரம் 21தான் வருகிறது, பாவம். ஆனால் மயிலாடுதுறை என்று பெயர் மாற்றிய கையோடு 33க்கு எகிறிவிட்டது.

வணக்கம் மக்களே! கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். அசெம்ப்ளி மொழியில், அதாவது பிராசசருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் மொழியில், இருபரிமாண கிராஃபிக்ஸ், அதுதான் இன்றைக்கு.

(டைட்டில் கார்டு. இசை வேண்டாம், நேரமில்லை.)

வரலாறு ஒரே மூச்சில்: 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற திரை அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் 13 ஹெக்ஸ் (ஹெக்ஸ் என்றால் 16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) என்று ஒரு மோட், அதாவது திரை இயங்கும் ஒரு முறை. அகலம் 320 பிக்சல், உயரம் 200, ஒரே நேரத்தில் 256 நிறம். வரலாறு முடிந்தது.

தேவையான சாமான்: பழைய டாஸ் கணினி மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ், அசெம்ப்ளியை இயந்திர மொழிக்கு மாற்றும் நாஸ்ம். இரண்டும் இலவசம். வீட்டில் யாரும் தொடாத பழைய லேப்டாப் இருந்தால் அதுவே தாராளம்.

(திரையில் புரோகிராம் வரிகள். ஒவ்வொரு வரியாக ஒளிரவும்.)

ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்றால் பிராசசருக்குள் எண் வைக்கும் சின்னப் பெட்டி) 13 ஹெக்ஸ் போட்டு, இன்டரப்ட் 10 ஹெக்ஸை, அதாவது கணினியில் ஏற்கெனவே இருக்கும் திரை வேலைக்கான சேவையை, அழைக்கிறோம். ஐந்தே பைட்டில் கிராஃபிக்ஸ் மோட் வந்துவிட்டது. அப்புறம் இஎஸ் ரெஜிஸ்டரில் ஏ000 என்ற ஹெக்ஸ் எண்ணை வைக்கிறோம். திரைக்கான நினைவகம் அங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் 64,000 பைட், பிக்சலுக்கு ஒரு பைட். அந்த பைட்டில் 15 என்று எழுதினால் வெள்ளை. அவ்வளவுதான். லைப்ரரி கிடையாது, டிரைவர் கிடையாது, "அனுமதிக்கிறீர்களா" என்று கேட்கும் பெட்டி கிடையாது. நினைவகத்தில் எழுதினால் திரையில் தெரியும்.

எந்த பைட் என்று கண்டுபிடிக்க ஒரே சூத்திரம்: வரிசை எண்ணை 320ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டு. நடுப்புள்ளிக்கு 100 பெருக்கல் 320, கூட்டல் 160, ஆக 32,160. ஆனால் பழைய 8086 பிராசசரில் 16 பிட் பெருக்கலுக்கு 118 கடிகாரச் சுழற்சிக்கு மேல் ஆகும், கூட்டலுக்கு 3 போதும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் பெருக்கவே மாட்டார்கள். 320 என்பது 256 கூட்டல் 64. வரிசை எண்ணை ஏஹெச்சில், அதாவது ஏஎக்ஸின் மேல் பாதியில் வைத்து, கீழ்ப் பாதியைக் காலி செய்தால் தானாகவே 256 மடங்கு. அதை நகலெடுத்து இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளினால் (ஒவ்வொரு தள்ளலும் எண்ணைப் பாதியாக்கும்) 64 மடங்கு. இரண்டையும் கூட்டு. பெருக்காமலே பெருக்கியாகிவிட்டது! இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் இது உங்களுக்கான சேனல் இல்லை. வந்தால் சப்ஸ்கிரைப் பட்டன் கீழே இருக்கிறது.

(வாசல் கோலத்தின் படம். மேலிருந்து எடுத்தது.)

இனி நான் பேச ஆசைப்பட்ட பகுதி. கிராஃபிக்ஸ் பாடங்களில் முதல் பயிற்சியாக முக்கோணம் வரையச் சொல்வார்கள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் விழுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் முக்கோணம் வரைய வேண்டும்? கோலமே போடுவோம்.

முதலில் நேர்ப்புள்ளி, 7க்கு 7. புள்ளிக்குப் புள்ளி 16 பிக்சல் இடைவெளி. முதல் புள்ளி 16,752ஆவது இடத்தில். எழுத வேண்டிய இடத்தை வைத்திருக்கும் டிஐ ரெஜிஸ்டரில் 16 கூட்டிக்கொண்டே ஏழு புள்ளி. வரிசை முடிந்ததும் 5,008 கூட்டினால் அடுத்த வரிசையின் முதல் இடத்துக்கு வந்துவிடுவோம். எப்படி? 16 வரி கீழே இறங்க 5,120, அதில் ஏற்கெனவே நடந்து வந்த 112 கழிகிறது. இதில் 5,007 என்று தப்பாகப் போட்டால் கோலம் முழுக்க வரிசைக்கு ஒரு பிக்சலாக இடப்பக்கம் சாயும். தப்பு எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்துவிடலாம்.

சரி, இப்போது ஊடுபுள்ளி. நடுவில் 7, மேலும் கீழும் 4 வரை. வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. ஒவ்வொரு புள்ளியும் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுச் சந்தில் விழ வேண்டும். அதனால் வரிசை வளரும்போது 8 பிக்சல் இடப்பக்கம் தள்ளித் தொடங்க வேண்டும், குறையும்போது 8 வலப்பக்கம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

(எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில். மெதுவாக.)

5,048. 5,032. 5,016. 5,016. 5,032. 5,048.

பார்த்தீர்களா? பின்னாலிருந்து படித்தாலும் அதே எண்கள்! கோலத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு வரிசையின் கடைசிப் புள்ளிக்கும் அடுத்த வரிசையின் முதல் புள்ளிக்கும் உள்ள தூரம் மாறாது. அதனால் எண்களுக்கும் அந்தச் சமச்சீர் வந்துவிடுகிறது. நான் இதைத் தேடிப் போகவில்லை, அட்டவணை எழுதும்போது தானாக வந்து நின்றது. இதற்காக ஆறு எண்ணையும் சேமிக்க வேண்டியதில்லை. மூன்றை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போய் வரலாம். என் அத்தையிடம் காட்டினேன். "ஏழுல ஆரம்பிச்சு ஊடு நாலு, இதுக்கு எதுக்குடா இவ்வளவு கணக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கோலத்தையும் கணினியையும் நான்தான் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும், கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வந்தது வெளிநாட்டுக் கணினி கிராஃபிக்ஸ் ஆய்விதழில். ஆண்டு 1974. விஜிஏ வருவதற்கு 13 ஆண்டு முன்னால்! இதைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் போட வேண்டாமா? உங்கள் கருத்தைக் கமென்டில் சொல்லுங்கள், சண்டை போடாமல்.

புள்ளியைச் சுற்றும் வளைவுக்கு ஒரு நல்ல செய்தி: வட்டத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் கணக்கிட்டால் போதும். மீதி ஏழு பங்கும் குறியை மாற்றியும் இரண்டு எண்களை இடம் மாற்றியும் கிடைத்துவிடும்.

நேர்கோட்டுக்கு பிரெசென்ஹாம் என்பவரின் முறை. 1962இல் ஐபிஎம்மில் பேனா பிளாட்டருக்காக, அதாவது பேனாவால் தாளில் வரையும் இயந்திரத்துக்காக, உருவாக்கியது. கூட்டல், கழித்தல், ஒப்பிடல் மட்டும். இதற்குத் தனி வீடியோ வரும்.

நிறத்துக்கு 3சி8, 3சி9 என்ற இரண்டு ஹெக்ஸ் போர்ட்கள், அதாவது திரை வன்பொருளுக்கு எண் அனுப்பும் வாசல்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரை.

கல்லூரியில் மைக்ரோபிராசசர் லேப் என்றால் இரண்டு எண்ணைக் கூட்டி, விடையை எல்இடியில் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. அதே 8086 பாடத்தில் ஒரே ஒரு வகுப்பு இந்த மோட் 13க்கு ஒதுக்கினால் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

ஊடுபுள்ளி புரோகிராம் முழுவதும் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. வீட்டுப்பாடம்: அதை 15 புள்ளி, ஊடு 8 என்று மாற்றுங்கள். 16 பிக்சல் இடைவெளியிலேயே விட்டால் 15 வரிசைக்கு 225 வரி வேண்டும், திரையில் இருப்பதோ 200. இடைவெளியை எவ்வளவு குறைத்தீர்கள், உங்களுக்கு வந்த எண்கள் என்னென்ன என்று கமென்டில் போடுங்கள். முதலில் சரியாகப் போடுபவர் கமென்டை பின் பண்ணுகிறேன்.