ஒப்புக்கொள்வதற்கு முன்

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்துக் குற்றவியல் வழக்குகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஜூரி, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் பெரும்பாலான வழக்குகள் ஜூரி வரைக்கும் போவதே இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே, குற்றம் சாட்டப்பட்டவர் “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லும் ஒரு பதிலில் முடிந்துவிடுகின்றன. அந்தப் பதிலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வழக்கு எவ்வளவு பெரியதானாலும் பெரியவர்களுக்கு அது தொடங்குவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான். கொலை, கொள்ளை போன்றவை அங்கிருந்து நேராக கிரவுன் கோர்ட்டுக்கு, அதாவது ஜூரி விசாரணை நடக்கும் மேல் நீதிமன்றத்துக்கு, போய்விடும். திருட்டு, மோசடி போன்றவற்றில் முதலில் பதிலைக் கேட்பார்கள். மறுத்தால், எங்கே விசாரிப்பது என்று அப்புறம் முடிவாகும்.

கிரவுன் கோர்ட்டில் பதிலைப் பதிவுசெய்து விசாரணைக்கு ஆயத்தம் செய்யும் அமர்வு ஒன்று உண்டு. 2016 முதல் நாடு முழுவதும் இந்த முறைதான். வழக்கு அனுப்பப்பட்டு ஏறக்குறைய நான்கு வாரத்தில் அது வரும். குமாஸ்தா எழுந்து நிற்கச் சொல்வார், பெயரைக் கேட்பார், குற்றச்சாட்டை வாசிப்பார். ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று கேட்பார். பக்கத்திலேயே வழக்கறிஞர் இருந்தாலும், ஒப்புக்கொள்வதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். வாயே திறக்காவிட்டால்? அந்தக் காலத்தில் மார்பின் மேல் பாரம் ஏற்றி நசுக்கினார்கள். 1586-இல் யார்க் நகரில் மார்கரெட் கிளிதரோ என்ற பெண் அப்படித்தான் இறந்தார். இன்று, வேண்டுமென்றே மௌனமாக இருந்தால் மறுத்ததாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

சரி, தண்டனைக் குறைப்புக்கு வருவோம். முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 36 மாதம் என்றால் 24. முதல் வாய்ப்பு என்பது பெரும்பாலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் முதல் அமர்வு. கிரவுன் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அதிகபட்சம் கால் பங்கு, அதாவது 27 மாதம். விசாரணை தொடங்கும் நாளில் வெறும் பத்தில் ஒரு பங்கு. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல் இது.

இந்தக் கணக்கு எனக்குக் கவலை தருகிறது. சாட்சிகள் அலைக்கழிய வேண்டாம், பாதிக்கப்பட்டவர் கூண்டேற வேண்டாம் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் தவறு செய்யாதவரும் பயத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். “சீக்கிரம் முடித்துவிடலாம் அண்ணா” என்று சொந்தக்காரர்களே தள்ளிவிடுவார்கள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவில் ஏறிய குற்றம் வேலையையும் விசாவையும் தொடும்.

“அடித்தேன், ஆனால் அவன்தான் முதலில் கை ஓங்கினான்” என்று ஒருவர் சொன்னால், அது ஒப்புதல் ஆகாது. தற்காப்பு என்பது குற்றச்சாட்டுக்கே பதில். நீதிமன்றம் அதை ஒப்புதலாக ஏற்கக் கூடாது. குற்றம் உண்மை, ஆனால் போலீஸ் சொல்லும் விதத்தில் நடக்கவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுக்கலாம். அரசுத் தரப்பு ஏற்காவிட்டால், அந்த வேறுபாடு தண்டனையைப் பாதிக்கும் என்றால், நீதிபதி ஜூரி இல்லாமல் சாட்சியம் கேட்டு முடிவு செய்வார். 1982-ஆம் ஆண்டு நியூட்டன் வழக்கிலிருந்து வந்த வழி இது.

ஆங்கிலம் தடுமாறினால் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீதிமன்றமே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும், உங்களுக்குச் செலவில்லை. முதல் அமர்வுக்கு வழக்கறிஞர் இல்லாமல் போனால் அன்றைக்கு அங்கே பணியில் இருக்கும் வழக்கறிஞரை (duty solicitor) கேளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு மனம் மாறினால், தண்டனை அறிவிக்கும் முன் பதிலைத் திரும்பப் பெற நீதிபதியின் அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை.