போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுத்தால், அடிக்கடி காதில் விழுகிற தீர்ப்பு ஒன்று உண்டு: “மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்.” போர்டில் என்ன போனது என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வருவது அபூர்வம். அந்த ஒரு பலகையில் நூற்றுக்கணக்கான உதிரிகள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. அத்தனையும் ஒரே நாளில் சேர்ந்து போவதில்லை. போவது ஏதோ ஒன்று. பல சமயம் போர்டில் ஒன்றுமே போயிருக்காது, அதற்கு வந்து சேரவேண்டிய மின்சாரம் சரியாக வந்திருக்காது. இந்த உரையில் மின்சாரம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் அப்படி.

மேசைக் கணினியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். லேப்டாப்பிலும் இதே வேலைகள்தான் நடக்கின்றன. ஆனால் எல்லாம் நெருக்கி அடைத்திருக்கும், வீட்டில் கை வைப்பது சிரமம்.

இன்று கடைகளில் கிடைக்கும் போர்டுகளின் அளவு, திருகுத் துளைகள் இருக்கும் இடம் எல்லாம் இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பிலிருந்து வந்தவை. முழு அளவுப் போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244. வீடுகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் இருப்பது அதன் தம்பி, மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., 244-க்கு 244. போர்டு நேராகக் கேபினட்டின், அதாவது கம்ப்யூட்டரின் வெளிக்கூட்டின், தகட்டில் உட்காராது. சின்னச் சின்னப் பித்தளைக் கால்களின் மேல் நிற்கும். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் கூடுதலாக இருந்துவிட்டால், அது பின்பக்கப் பற்றவைப்பில் முட்டி ஷார்ட் ஆகும். புது போர்டு மாட்டிய அன்றே “செத்துப்போச்சு” என்று திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம். போர்டுத் துளைகளை எண்ணுங்கள், கால்களை எண்ணுங்கள், இரண்டும் பொருந்த வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஒரு கூச்சம் ஏறுவதைப் பலர் உணர்ந்திருப்பீர்கள். டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும். போர்டில் கசிவு என்று பயப்படுகிறார்கள். போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்சாரத்தை மாற்றித் தருகிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் நுழைவாயிலில், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு, சிறியவை, உலோக உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. சுவர் பிளக்கில் எர்த் இல்லையென்றால், 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட் உடம்பில் நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு, அதனால் கூச்சத்தோடு போகிறது. ஆனால் அதே நிலையில் டி.வி.யையோ மானிட்டரையோ ஓடிக்கொண்டிருக்கும்போது எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்தால், அந்த வேறுபாடு கேபிள் வழியே பாய்ந்து போர்டில் அந்தக் கேபிளைச் செருகும் வாயையே எரித்துவிடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வது புது போர்டைவிட மலிவு.

சரி, போர்டுக்குள் வருவோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தடித்த 24 பின் கனெக்டர்தான் பிரதான வாசல். மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும். சுவர் சுவிட்ச் போட்டிருக்கிறவரை போர்டு முழுதாகத் தூங்குவதில்லை. அதனால்தான் ராம் என்ற நினைவக அட்டையைக் கழற்றும் முன் பிளக்கையே பிடுங்குங்கள் என்று சொல்வது. பிளக்கைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில நொடிகள் அமுக்கிப் பிடித்தால் மிச்சமிருப்பதும் வடிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியே சோதிக்க, கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பச்சை ஒயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் அதன் ஃபேன் சுற்றும். சுற்றினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் என்பது 11.4-லிருந்து 12.6-க்குள் இருக்க வேண்டும். 5 என்பது 4.75-லிருந்து 5.25-க்குள். அதற்கு வெளியே போனால் கோளாறு எஸ்.எம்.பி.எஸ்.ஸில், போர்டில் இல்லை. எல்லா ஒயரும் கறுப்பாக வரும் புது மாடல்களில் இந்தச் சோதனையை, கனெக்டரில் எந்தப் பின் எதற்கு என்று தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு கனெக்டர் இருக்கிறது, 4 பின் அல்லது 8 பின், கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் சிப்புக்கு மேல் மூலையில் ஒளிந்திருக்கும். இதைச் செருக மறந்தால் ஃபேன்கள் சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. இதற்கும் “போர்டு போச்சு” என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

அந்த மூலைக் கனெக்டரில் வருவது 12 வோல்ட். ஆனால் ப்ராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1 வோல்ட். இடையில் இந்த மாற்றத்தைச் செய்வது ப்ராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் வி.ஆர்.எம். என்ற பகுதி. சதுரச் சதுரமான காயில்கள், மாஸ்ஃபெட் என்ற தட்டையான மின் சுவிட்சுகள், உருளை உருளையாகக் கெப்பாசிட்டர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 வாட் எடுக்கும் ப்ராசஸருக்கு 1.25 வோல்ட்டில் கொடுத்தால் 80 ஆம்பியர். உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. எடுப்பதே ஏழெட்டு ஆம்பியர்தான். இவ்வளவையும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கும் இடத்தில் மாற்ற வேண்டும், அதுவும் ப்ராசஸரின் தேவை நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும்போது வோல்டேஜ் ஆடாமல். போர்டில் வெந்து உழைக்கிற இடம் இதுதான், முதலில் களைத்துப்போவதும் இதுதான்.

கெப்பாசிட்டர் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். உள்ளே அலுமினியத் தாளும், திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைத்திருக்கும் சிறு குப்பி அது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் இந்தக் குப்பிகளால் செத்தன. திரவத்தின் கலவை சரியில்லை. உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, தலை வீங்கி, வெடித்து ஒழுகின. டெல் நிறுவனம் 2005-ல் இந்தக் கோளாறுக்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டிவந்தது. அந்தக் காலத்துப் போர்டுகள் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குப்பியின் தலையில் கூட்டல் குறி போலவோ கே எழுத்துப் போலவோ ஒரு கீறல் இருக்கும். அது தயாரிக்கும்போதே போட்டது, வாயு சேர்ந்தால் அந்தக் கீறல் வழியே திறந்துகொள்ளட்டும் என்று. தலை தட்டையாக இருந்தால் நல்லது. லேசாகக் குவிந்திருந்தாலும், தவிட்டு நிறப் பொருக்கு தட்டியிருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது.

அறிகுறி எப்படியிருக்கும்? காலையில் முதல் தடவை ஆன் ஆகாது. நாலைந்து தடவை அமுக்கினால் எழும். சூடானபின் பிரச்சினையே இல்லாமல் ஓடும். மறுநாள் காலை திரும்பவும் அதே கதை. களைத்த கெப்பாசிட்டர் குளிர்ந்த நிலையில் இன்னும் மோசமாக வேலை செய்யும், அதுதான் காரணம். நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பார்கள். விண்டோஸ் பாவம், அது என்ன செய்யும்.

மாற்றலாமா என்றால், மாற்றலாம். மைக்ரோஃபாரட் அளவு அதே இருக்க வேண்டும். வோல்ட் அதே அல்லது அதற்கு மேல். 6.3 வோல்ட் இடத்தில் 10 வோல்ட் போடலாம், உயரமும் பருமனும் இடத்தில் அடங்கினால். 105 டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். கடையில் ‘லோ ஈ.எஸ்.ஆர்.’, அதாவது உள் மின்தடை குறைந்தது, என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டால் சில மாதத்தில் அதுவும் வீங்கும். குப்பியின் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். பழையதைக் கழற்றும் முன் பட்டை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். போர்டில் அச்சிட்ட குறியை நம்பினால் போதாது, எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அச்சிடுவதில்லை. தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் பற்றாது. போர்டுக்குள் அடுக்கடுக்காகச் செம்புத் தகடு இருக்கிறது, சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். 60 வாட் வேண்டும், முனையில் கொஞ்சம் பழைய ஈயப் பற்றாசு சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் உருகும். பொறுமையில்லாமல் இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்பு உறையும் கூடவே வந்துவிடும். அப்புறம் உண்மையிலேயே போர்டு போச்சு.

இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலும் பாலிமர் கெப்பாசிட்டர்கள். உள்ளே திரவம் இல்லை, ஒழுகாது. இருந்தாலும் வெப்பம் எல்லாவற்றுக்கும் எதிரி. திரவக் கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு: 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைப்பது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். கேபினட்டை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளிவைத்துக் கதவைச் சாத்துகிறீர்களே, அந்தக் கதவைத் திறந்துவையுங்கள்.

அடுத்து பேட்டரி. சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். இது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போகும். தேதி தப்பானால் வங்கி இணையதளம் திறக்காது, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திரையில் எச்சரிக்கை வரும். இன்டர்நெட் கோளாறு என்று கம்பெனிக்குப் போன் செய்வார்கள்! நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. மீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல பேட்டரி, 2.7-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். தினமும் சுவர் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும், ஊதா ஒயரின் 5 வோல்ட் இல்லாத நேரமெல்லாம் பேட்டரிதான் சுமக்கிறது. அதற்காகச் சுவிட்சை அணைக்காமல் விட வேண்டியதில்லை.

ராம் பற்றி எல்லோருக்கும் ஒரு வைத்தியம் தெரியும்: கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டுவது. வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அடுத்த கோளாறு அதுதான். தங்கப் பூச்சும் தேயும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி நல்லது. டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ராமிலும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். போகவில்லையென்றால் அமுக்காதீர்கள், தப்பான ராம் என்று அர்த்தம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதானால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும்.

ஒரு ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்லாட்டைக் குறை சொல்வதற்கு முன் ப்ராசஸர் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் 1,700 மெல்லிய பின்கள் போர்டிலேயே இருக்கின்றன. மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது ப்ராசஸருக்குள் இருப்பதால், ஒரு பின் வளைந்தால்கூட ஒரு ராம் ஸ்லாட் ஊமையாகிவிடும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைகாட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. சிப்செட், பயாஸ், ஸ்லாட்டுகள் என்று இன்னும் நிறைய வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். யு.எஸ்.பி., ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் சாட்டா இவற்றுக்கெல்லாம் கணக்குப் பார்ப்பது சிப்செட் என்ற துணைச் சிப், அது கெடுவது குறைவு. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யும்போது யு.பி.எஸ். இல்லாமல் செய்யாதீர்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டு எழாது. புது போர்டுகள் பலவற்றில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும், எது அணையாமல் நிற்கிறதோ அது குறிக்கும் உதிரியில் கோளாறு. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்.எஸ்.டி. போட்டபின் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் பதறாதீர்கள், சில போர்டுகளில் இரண்டும் ஒரே பாதையைப் பகிர்கின்றன, கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அந்த எஸ்.எஸ்.டி.க்கு மேல் மாட்டும், சூட்டை இழுக்கும் தகடான ஹீட் சிங்க்கின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், மாட்டும் முன் அதை உரித்துவிடுங்கள். வணக்கம்.